பைப்புக்கு பனியன்

தலைப்பைப் பார்த்துட்டு திருப்பூர்ல ஆர்டர் எடுக்கற ஆளுன்னு நெனச்சு யாராச்சும் உள்ள வந்திருந்தா மன்னிச்சுக்குங்க :-) நாங்க பனியன்காரங்க இல்ல, சோமனூர் விசைத்தறிக்காரங்க. காடாத் துணி, கூலி நெசவு. இது நெசமாவே வீட்டுக்கு வெளில இருக்கற தண்ணிக் குழாய்க்கு பனியன் துணி சுத்தற சமாச்சாரம்.

சோமனூர்ல எதுக்குய்யா அதெல்லாம்னு கேப்பீங்க. நியாயம்தான். மார்கழி விடியக்காலைல லேசா காத்தடிச்சாலே மப்ளரையும் மங்கி குல்லாவையும் தேடற ஊரு இது. எங்க ஊர்க் குழாய்க்கு இருக்கற ஒரே வியாதி தண்ணி வராம இருக்கறதுதான். ஆனா இப்பல்லாம் தெருவுக்கு ரெண்டு வீட்டுல புள்ளைங்க வெளிநாட்டுல. போன மாசம் எங்க பங்காளி பையன் ஒருத்தன் டல்லாஸ் கெளம்பினான். பருப்புப்பொடி, ஊறுகாய், பிரஷர் குக்கர் எல்லாம் கட்டிக் குடுத்தாங்க. எங்கப்பா மட்டும் அவனைத் தனியாக் கூப்ட்டு, "கண்ணு, அங்க போனதும் மொத வேலையா தண்ணி மீட்டரு எங்க இருக்குதுன்னு பாத்து வெச்சுக்கோ"ன்னு சொன்னார். பையன் முழிச்சான். அவனுக்கு விளக்கமாச் சொன்னதைத்தான் இங்கயும் எழுதறேன்.

வீட்டுக்குப் பின்னாடி பாத்திரம் கழுவ, கைகால் கழுவ ஒரு எடம் இருக்குமே, அதை எங்க பக்கம் பொடக்காளின்னு சொல்லுவோம். அமெரிக்கா வீடுகள்ல பொடக்காளி கெடையாது. ஆனா செவுத்துல இருந்து மூக்கு நீட்டிக்கிட்டு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு பித்தளைப் பைப்பு இருக்கும். செடிக்குத் தண்ணி விட, கார் கழுவ. கோடை பூரா அதுல ஒரு ஓஸ் மாட்டியே கெடக்கும். குளிர்காலத்துல வீட்டுக்கு வர்ற வெனை பல நேரம் அந்த மூக்கு வழியாத்தான் வருது.

தண்ணி ஒரு விநோதமான வஸ்து. மத்ததெல்லாம் குளிர்ந்தா சுருங்கும். தண்ணியும் 4 டிகிரி வரைக்கும் ஒழுங்காச் சுருங்கிட்டு, அப்புறம் புத்தி மாறி விரிய ஆரம்பிக்கும். ஐஸ் ஆகறப்ப கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். ஃப்ரீசர்ல கண்ணாடி பாட்டிலை மறந்து வெச்சவங்களுக்குத் தெரியும். இதுல நெறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கற எடம் ஒண்ணு இருக்கு. ஐஸ் எங்க புடிக்குதோ அங்கயேதான் பைப்பு வெடிக்கும்னு நெனப்போம். அப்படி இல்ல. வெளிமூக்குல மொதல்ல ஐஸ் புடிச்சு, அது செவுத்துக்குள்ள இருக்கற பைப்புக்குள்ள வளரும். வளர வளர, ஊசி சிரிஞ்சுல பிஸ்டனை அமுக்கற மாதிரி, முன்னாடி இருக்கற தண்ணியை அமுக்கும். அந்தத் தண்ணிக்குப் போக்கிடம் இருந்தா பிரச்சினை இல்ல. எல்லாக் குழாயும் மூடி, ஐஸுக்கும் மூடின குழாய்க்கும் நடுவுல தண்ணி மாட்டிக்கிச்சுன்னா அழுத்தம் ஏறிக்கிட்டே போய், எந்த எடம் பலவீனமோ அங்க பொளந்துடும். பொளந்ததும் தெரியாது. ஐஸே அடைப்பானா நிக்கறதால ஒரு சொட்டு ஒழுகாது. நாலு நாள் கழிச்சு வெயில் வந்து ஐஸ் உருகும் பாருங்க, அப்பத்தான் செவுத்துக்குள்ள இருந்து அருவி கொட்டும்.

அதனாலதான் கடுங்குளிர் ராத்திரில குழாயைச் சொட்டுச் சொட்டா தொறந்து விடச் சொல்றாங்க. ஓடற தண்ணி உறையாதுங்கறது பாதிதான் உண்மை. முக்கியமா அந்தச் சொட்டு அழுத்தத்தை வெளில விட்டுடுது. எங்க ஊர்ல குழாய் சொட்டினா அம்மா ராத்திரி ஒரு மணிக்கு எந்திரிச்சுப் போய் கீழ போசி வெச்சுட்டு வருவாங்க. நல்ல தண்ணி வர்ற நாளுக்குக் காலண்டர்ல வட்டம் போடற குடும்பம் சார் நாங்க. வீட்டுல இருக்கற அத்தனை குழாயையும் ராத்திரி பூரா சொட்ட விடணும்னு தங்கச்சி போன்ல சொன்னப்ப, "பாப்பா, உனக்கு யாரோ தப்பாச் சொல்லிக் குடுத்திருக்காங்க"ன்னு அம்மா அடிச்சுச் சொல்லிட்டாங்க.

நம்ம நாட்டுல இது இல்லாமலும் இல்ல. ஊட்டில டிசம்பர், ஜனவரில புல்லு மேல உப்பு கொட்டின மாதிரி உறைபனி கெடக்கும். தலைகுந்தா பக்கம் விடியக்காலைல போட்டோ எடுக்கவே கூட்டம் போகும். தேயிலை கருகும், விவசாயிங்க எளஞ்செடிகளைத் தழை போட்டு மூடி வெப்பாங்க. ஆனா அங்க விடியற நேரத்துல கொஞ்ச நேரம் உறையும், வெயில் வந்தா போயிடும். காஷ்மீர் கதை வேற. டிசம்பர் 21-ல இருந்து ஜனவரி கடைசி வரைக்கும் 40 நாளை சில்லை கலான்னு சொல்றாங்க. ஸ்ரீநகர்ல தண்ணிக் குழாய் உறைஞ்சு, சனங்க அதுக்குக் கீழ தீ மூட்டி எளக்கற போட்டோ பேப்பர்ல வருஷா வருஷம் வரும்.

டொரண்டோல இருக்கற நம்ம சனங்களுக்கு இது பழகிப்போன வேலை. அங்க வீட்டுக்கு அடில நெலவறை இருக்கும். வெளிப் பைப்புக்குப் போற லைனுக்கு உள்ளயே தனியா ஒரு வால்வு. அக்டோபர், நவம்பர்ல அதை மூடிட்டு, வெளில போய் பைப்பைத் தொறந்து விட்டு, இருக்கற தண்ணியை வடிச்சுட்டா முடிஞ்சுது வேலை. பூமிக்குள்ள போற பைப்பையே நல்ல ஆழத்துல பதிக்கற ஊரு அது. குளிர் வரும்னு தெரிஞ்சு கட்டின வீடு.

டெக்சாஸ் அப்படி இல்ல. அது நம்மூர் மாதிரி வெயிலுக்குக் கட்டின வீடு. நெலவறை கெடையாது, காங்கிரீட் தளம் மேல நேரா செவுரு. தண்ணி பைப்பு பல வீடுகள்ல வெளிச்செவுத்துக்குள்ளயும் கூரைக்குக் கீழ பரண்லயும் ஓடும். வெளிப் பைப்புக்குன்னு தனி வால்வு பல வீடுகள்ல இருக்காது. வருஷத்துல சில ராத்திரி லேசா உறையும். அதுக்கு ஓஸைக் கழட்டிட்டு மூக்குல ஒரு ஃபோம் டப்பாவை மாட்டினாப் போதும். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துல சோதனை பண்ணிப் பாத்து, காப்பு இல்லாத பைப்புக்கு மைனஸ் 7 டிகிரிதான் எச்சரிக்கை எல்லைன்னு சொல்லியிருக்காங்க. லேசான ராத்திரிங்கள்ல அந்த எல்லை வரைக்கும் போறதில்ல.

2021 பிப்ரவரில அது மைனஸ் 19-க்குப் போச்சு.

தங்கச்சி வீடு டல்லாஸுக்கு வடக்கால. அப்ப மூத்தவனுக்கு அஞ்சு வயசு, சின்னது ஆறு மாசக் கைக்குழந்தை. வீடு வாங்கி ஒண்ணரை வருஷம், முப்பது வருஷக் கடன். 14-ஆம் தேதி ஞாயித்துக்கெழமை பனி கொட்டுதுன்னு வீடியோ கால்ல காட்டினா. அம்மா, பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் சுத்தி நின்னு சினிமா பாக்கற மாதிரி பாத்தோம். முன்வாசல் பைப்புல வெள்ளையா ஃபோம் டப்பா மாட்டியிருந்தது. பின்னாடி, வடக்குப் பக்கம் இருந்த பைப்பு பனிக்குள்ள மூழ்கிக் கெடந்தது. ஓஸ் கழட்டாம அப்படியே மாட்டி இருந்துச்சு. அதை அன்னைக்கு யாரும் கவனிக்கல, பனியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்.

திங்கக்கெழமை நமக்கு மத்தியானம். தறி நிறுத்தி சாப்பாட்டுக்குப் போற நேரம். அவங்களுக்கு நடுராத்திரி தாண்டி ரெண்டு மணி. "அண்ணா, கரண்ட் போச்சு"ன்னு தங்கச்சி கூப்ட்டா. மாநிலம் பூரா எரிவாயுக் கெணறு, மின்நிலையம், காத்தாடின்னு ஒண்ணொண்ணா உறைஞ்சு நின்னு, மின்தொகுப்பே மொத்தமா விழுந்துடக் கூடாதுன்னு ராத்திரி 1:25-ல இருந்து ஊர் ஊரா வெட்ட ஆரம்பிச்சிருந்தாங்க. இன்னும் 4 நிமிஷம் 37 செகண்ட் போயிருந்தா மொத்த மாநிலமும் இருண்டு, திரும்பக் கொண்டு வரவே வாரக்கணக்காகி இருக்கும்னு அப்புறம் வெளிவந்தது. 45 லட்சம் வீடுகளுக்கு கரண்ட் இல்ல. இறந்தவங்க 246 பேர்னு அந்த மாநில சுகாதாரத் துறை கணக்கு சொல்லுச்சு. பெரும்பாலும் குளிர்லயே.

மாப்ள சாஃப்ட்வேர்காரர். கம்பெனி ஆப்ல பாத்துட்டு "ஒரு மணி நேரத்துல வந்துரும் மாமா"ன்னார். எங்கப்பா அப்பத்தான் போனை கைல வாங்கினார். 2012-ல ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு மணி நேரம் கரண்ட் இல்லாம, பாவு ஏத்தின தறியை வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த மனுஷன். "கரண்ட்டு போச்சுன்னா எப்ப வரும்னு கேக்கக் கூடாதுங்க மாப்ள. வராதுன்னு வெச்சுக்கிட்டு வேலையப் பாக்கோணும்"னார்.

"வீடு சூடா இருக்கறது எதுலீங்க?"

"ஹீட்டர்ல மாமா."

"அது கரண்ட்டுலதான ஓடும்?"

"கேஸ் ஹீட்டர்தான் மாமா. ஆனா காத்தாடி கரண்ட்லதான்."

"அப்ப இன்னும் கொஞ்ச நேரத்துல வீட்டுக்குள்ளயும் உறையுமில்லீங். தண்ணி மீட்டரு எங்கீங்க இருக்குது?"

மாப்ளைக்குத் தெரியல. அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்றது, மீட்டரைத் தொறந்து பாக்க வேண்டிய தேவையே அங்க யாருக்கும் வராது. எங்கப்பா ஜென்மத்துல ஐஸ் பாத்தது ஐஸ்காரன் பெட்டிலயும் கல்யாண வீட்டு மீன்பெட்டிலயும்தான். ஆனா போர்வெல் மோட்டர் கழட்டறது, லைன் வடிக்கறது, கேட் வால்வு மாத்தறது எல்லாம் நாப்பது வருஷமா கைல இருக்கற வேலை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி வாட்ஸப்ல அனுப்பினேன். மொதல்ல பாத்டப்பு, குக்கர், அண்டா, குப்பை போடற பெரிய டப்பா வரைக்கும் எல்லாத்துலயும் தண்ணி புடிச்சு வெச்சாச்சு. அப்புறம் மாப்ள டார்ச்சோட வெளில போய் தெருவோரம் பனியைச் சொரண்டி, மீட்டர் பெட்டி மூடியைக் கண்டுபுடிக்கவே முக்கா மணி நேரம் ஆச்சு. கைக்குழந்தையை நெஞ்சோட கட்டிக்கிட்டு தங்கச்சி ஜன்னல்ல நின்னு போனைப் புடிச்சிருந்தா. வால்வை மூடினாங்க. "இப்ப மேல மாடில இருந்து கீழ வரைக்கும் அத்தனை குழாயும் தொறந்து விடுங்க. கடைசியா தாழ்வா எது இருக்குதோ அதைத் தொறங்க, லைன் பூரா வடிஞ்சிரும்"னார்.

தாழ்வா இருந்தது அந்த ரெண்டு வெளிப் பைப்பும்தான். முன்வாசல்ல டப்பாவைக் கழட்டித் தொறந்ததும் குபுகுபுன்னு வடிஞ்சுது. பின்னாடி தொறந்தா ஒண்ணுமே வரல. ஓஸ் இரும்புக் கம்பி மாதிரி வெறச்சு நின்னுச்சு. வெந்நி ஊத்தட்டுமான்னு மாப்ள கேட்டார். "வேண்டாமுங்க, அப்படியே தொறந்து விட்டுட்டு உள்ள வாங்க. குழந்தையப் பாருங்க"ன்னு சொல்லிட்டு அப்பா போனை வெச்சார். அதுக்கப்புறம் அவர் சாப்படல. தறிக்குடோன்ல போய் சும்மா நின்னுக்கிட்டு இருந்தார்.

மூணு நாள் விட்டு விட்டுத்தான் கரண்ட் வந்துச்சு. நாலு பேரும் ஒரே ரூம்ல, கதவுக்குக் கீழ துண்டு திணிச்சு, இருந்த அத்தனை போர்வையையும் போத்திக்கிட்டுக் கெடந்தாங்க. கேஸ் அடுப்பு இருந்ததால கஞ்சிக்கும் குழந்தை பாட்டிலுக்கும் பஞ்சமில்ல. (வீட்டுக்குள்ள கரி அடுப்பு பத்த வெச்சும், கார் ஷெட்டுல காரை ஓட விட்டும் குளிர் காயப் போய் நச்சுப்புகைல போனவங்களும் அந்த வாரத்துல உண்டு. இதை அங்க போற யார்கிட்டயும் நான் தவறாமச் சொல்றது.)

வெயில் வந்து உருக ஆரம்பிச்சப்பத்தான் ஊரே நனைஞ்சுது. அவங்களுக்கு நாலாவது வீட்டுல பரண்ல இருந்த பைப்பு பொளந்து, ஜிப்சம் கூரை தண்ணியோட கட்டில் மேல விழுந்திருக்கு. அந்த வீட்டுக்காரங்க கரண்ட் இருந்த சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருந்தாங்க. வால்வு மூடாமப் போனதால வந்து பாத்தப்ப முழங்காலளவு நாசம். தங்கச்சி வீட்டுல அப்பா சொன்னபடி ஒரு ஆள் மீட்டர்கிட்ட, ஒரு ஆள் பின் செவுத்துல காதை வெச்சுக்கிட்டு. வால்வைக் கால் திருகு தொறந்ததும் செவுத்துக்குள்ள இருந்து 'உஸ்ஸ்'னு சத்தம். உடனே மூடிட்டாங்க. ஓஸ் மாட்டின பைப்புதான். செவுத்துக்கு உள்ளார ஒரு சாண் தள்ளி வாழைப்பழம் மாதிரி பொளந்திருந்தது.

இதுல என்ன கொடுமைன்னா அது உறையாத பைப்புன்னு சொல்லி விக்கற ரகம். வெளில திருகினாலும் வாஷர் உக்கார்ற எடம் செவுத்துக்குள்ள எட்டுப் பத்து அங்குலம் தள்ளி, வீட்டுச் சூட்டுக்குள்ள இருக்கும். மூடினதும் மூக்குல மிச்சம் இருக்கற தண்ணி தானா வடிஞ்சிடும். நல்ல யோசனைதான். ஆனா ஓஸ் மாட்டி இருந்தா எங்க வடியும்? உள்ளயே நின்னு உறைஞ்சு, விலை கூடின பைப்பையே பொளந்துடும். வீட்டுல சூடும் இல்லைன்னா கேக்கவே வேண்டாம்.

பிளம்பர் கெடைக்கல. வேற மாநிலத்துல இருந்தெல்லாம் பிளம்பர்ங்க வந்து வேலை பாத்த நேரம் அது. மாப்ள செவுத்தை வெட்டி அந்தக் கிளையை மட்டும் அறுத்து ஒரு எண்ட் கேப் போட்டுட்டார். அப்பா வீடியோ கால்ல மேஸ்திரி. ரெண்டு துண்டு செவுரு, ஒரு பைப்பு, அதோட போச்சு.

இப்ப பனியன் கதைக்கு வரேன். அடுத்த வருஷம் ஊருக்கு வந்தப்ப தங்கச்சி, "அந்த டப்பாவை விட நம்ம பனியன் வேஸ்ட் நல்லா சுத்தலாமே"ன்னா. திருப்பூர்ல கட்டிங் டேபிள்ல விழற துண்டு மூட்டை மூட்டையா கிலோக் கணக்குல கெடைக்கும், மெஷின் தொடைக்க நாடு பூரா போகுது. ரெண்டு கிலோவை சூட்கேஸ்ல அமுக்கிக்கிட்டுப் போனா. வேலை செய்யுதுதான், ஆனா அது என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு தெரிஞ்சிருக்கணும். பனியன் சூடு குடுக்காது. நம்ம ஒடம்பு சூடு குடுக்குது, பனியன் நூலுக்கு நடுவுல நிக்கற காத்து அதை வெளில விடாமப் புடிச்சு வெக்குது. பைப்புக்கு ஒடம்பு சூடு ஏது? வீட்டுக்குள்ள இருந்து பித்தளை வழியா கசிஞ்சு வர்ற சூடுதான். அதைத்தான் துணியோ ஃபோமோ காப்பாத்தும். வீடே குளுந்துட்டா பத்து கிலோ சுத்தினாலும் பிரயோஜனம் இல்ல, கொஞ்சம் லேட்டா உறையும், அவ்ளோதான். அப்ப வால்வை மூடி வடிக்கறது ஒண்ணுதான் வழி.

இன்னொண்ணு, திருப்பூர் சரக்கு பருத்தி. நனைஞ்ச பருத்தில காத்து நிக்காது, தண்ணி நிக்கும். ஈரத்துணி சுத்தின பைப்பும் வெறும் பைப்பும் ஒண்ணுதான், சில நேரம் ஈரத்துணி இன்னும் மோசம். அதனால துணியை நாலு சுத்து லூசாச் சுத்தி, செவுத்தைத் தொடற எடம் வரைக்கும் மூடி, அதுக்கு மேல கனமான பிளாஸ்டிக் பையை மாட்டி, கழுத்துல இறுக்கிக் கட்டணும். இறுக்கமா சுத்தினாலும் காத்து போயிடும். இதையெல்லாம் ஓஸைக் கழட்டின பெறகுதான் செய்யணும். ஓஸோட சேத்து அழகா பனியன் சுத்தின வீட்டை எல்லாம் தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா :-(

ஏற்கெனவே உறைஞ்சு போன பைப்பா இருந்தா, குழாயைத் தொறந்து வெச்சுட்டு, மூக்குல இருந்து உள்பக்கமா ஹேர் டிரையரோ சூடான துண்டோ வெச்சு மெதுவா எளக்கணும். நெருப்பு வேண்டாம். காஷ்மீர்ல வெட்டவெளில இருக்கற இரும்புப் பைப்புக்குத் தீ மூட்டறாங்கன்னு மரச்செவுரு வெச்ச வீட்டுல மூட்டினா பைப்பு எளகும், வீடு இருக்காது. எளக்கறதுக்கு முன்னாடி மெயின் வால்வு எங்கன்னு தெரிஞ்சு, அதுகிட்ட ஒரு ஆள் நிக்கணும்.

பங்காளி பையன் போய்ச் சேந்து பத்து நாளாச்சு. அபார்ட்மெண்ட்டு, மூணாவது மாடி, வெளிப் பைப்பே கெடையாதாம். அப்பாகிட்ட சொன்னேன். "மீட்டரு எங்கன்னு கேட்டியா?"ங்கறார்.